டெக்சாஸ் மாடுகளும் மண்டபம் முகாமும்... வரலாற்றைத் திருப்பிய தொற்றுநோய்கள்!

ரவுண்ட் ராக் (டெக்சாஸ்): எங்க ஊர்ப் பேர் வந்த கதை ரொம்ப எளிமையானது. பிரஷ்ஷி க்ரீக் என்ற ஓடையின் நடுவில் மேஜை மாதிரி ஒரு வட்டமான சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. ஓடையில் எங்கே ஆழம் குறைவு, வண்டியும் மாடும் எந்த இடத்தில் இறங்கிக் கடக்கலாம் என்பதற்கு அந்தப் பாறைதான் அடையாளம். 1854ல் ஊருக்கே அந்தப் பேரை வைத்துவிட்டார்கள்.

இன்றைக்கு இது டெல் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊர். வாடகைக்கு வந்து, வீடு வாங்கி, பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்துவிட்ட ஐடி குடும்பங்கள் நிறைய. ஆனால் 150 வருஷத்துக்கு முன்னால் இந்த ஓடையைக் கடந்து போனது மாட்டு மந்தைகள். 'சிஸம் டிரெயில்' என்று வெஸ்டர்ன் படங்களில் கேட்டிருப்பீர்கள். தெற்கு டெக்சாஸிலிருந்து கன்சாஸ் ரயில் நிலையங்கள் வரை, 1867 முதல் 1880களின் நடுப்பகுதி வரை, சுமார் 50 லட்சம் மாடுகள் அந்தத் தடத்தில் நடந்தன. கவ்பாய் என்றதும் நம் மனதில் வரும் தொப்பியும் குதிரையும் கயிறும் எல்லாம் அந்தக் குறுகிய காலத்தின் மிச்சம்தான்.

அந்தக் காலம் முடிந்ததற்கு முள்வேலி ஒரு காரணம், தெற்கு வரை ரயில் வந்தது இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தைப் படத்தில் காட்ட மாட்டார்கள். அது ஒரு உண்ணி. நம்ம ஊர் மாட்டு மேல ஒட்டியிருக்குமே, அதே சாதிதான்.

என் மாடு நல்லாத்தானே இருக்கு?

டெக்சாஸின் நீளக்கொம்பு மாடுகள் எந்த ஊர் வழியாகப் போனாலும், ஒரு மாதம் கழித்து அந்த ஊர் மாடுகள் காய்ச்சல் வந்து, ரத்தமாகச் சிறுநீர் கழித்து, கொத்துக் கொத்தாகச் செத்தன. ஆனால் டெக்சாஸ் மாடுகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. கொழுகொழுவென்று நடந்து போய்க்கொண்டே இருந்தன. 1868ல் இல்லினாய் மாநிலத்தில் ஆயிரக்கணக்கான மாடுகள் இப்படிச் செத்தன. வடக்கே இருந்த விவசாயிகள் அதற்கு 'டெக்சாஸ் காய்ச்சல்' என்று பேர் வைத்தார்கள். டெக்சாஸ்காரர்களுக்கோ கோபம். "எங்க மாட்டுக்கு நோயே இல்லை, அது எப்படி உங்க மாட்டுக்கு நோய் கொடுக்கும்?" என்று கேட்டார்கள்.

ஐடியில் இருப்பவர்களுக்கு இந்த வாதம் ரொம்பப் பழக்கமானது. "என் மெஷினில் நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டு டிக்கெட்டை மூடுவோமே, அதேதான். பிரச்சினை நம்ம மெஷினில் இல்லை. அடுத்த டீமின் சர்வரில், ஒரு மாதம் கழித்து, நம்ம பேரே இல்லாமல் வெடிக்கும்.

மிசௌரி, கன்சாஸ் விவசாயிகள் அறிவியலுக்காகக் காத்திருக்கவில்லை. துப்பாக்கியோடு பாதையில் நின்று மந்தைகளைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு சட்டம் வந்தது. 1885ல் கன்சாஸ், குளிர்கால மாதங்கள் தவிர, டெக்சாஸ் மாடுகளுக்கு மாநிலம் முழுவதையும் மூடியது. வேடிக்கை என்னவென்றால், டெக்சாஸுக்கு உள்ளேயே வடக்குப் பக்கப் பண்ணையார்கள் தெற்குப் பக்க மந்தைகளைத் துப்பாக்கி காட்டி நிறுத்தினார்கள். நோய் பயம் வந்தால் சொந்த மாநிலத்துக்காரனும் அந்நியன்தான்.

விடை 1893ல் வந்தது. தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இரண்டு அரசு விஞ்ஞானிகள் வாஷிங்டன் அருகே ஒரு பண்ணையில் வருஷக்கணக்கில் பரிசோதனை செய்தார்கள். உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்த தெற்கத்தி மாட்டை வடக்கத்தி மாட்டோடு மேயவிட்டார்கள், நோய் வரவில்லை. மாடே இல்லாமல் வெறும் உண்ணிகளை மேய்ச்சல் நிலத்தில் விட்டார்கள், நோய் வந்தது. டெக்சாஸ் கன்றுக்குட்டிகளுக்குச் சின்ன வயதிலேயே லேசாக நோய் வந்து எதிர்ப்பு சக்தி வந்துவிடுகிறது. அவை நோயைச் சுமக்கும், ஆனால் சாகாது. உண்ணி கீழே விழுந்து, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, அடுத்த மாட்டில் ஏறுவதற்குத்தான் அந்த ஒரு மாத இடைவெளி. பனி விழுந்தால் உண்ணி சாகும், அதனால்தான் குளிர்காலத்தில் போன மந்தைகளால் ஆபத்து இல்லை.

ஒரு பூச்சியினம் நோயைச் சுமந்து போய் இன்னொரு மிருகத்துக்குக் கொடுக்கும் என்று இவ்வளவு தெளிவாக நிரூபித்தது அதுதான் முதல் முறை. அதற்கு நாலு வருஷம் கழித்து, 1897 ஆகஸ்டில், நம்ம செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைப் பார்த்தார்.

காரணம் தெரிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 1906ல் தொடங்கிய உண்ணி ஒழிப்புத் திட்டத்தில் ஒவ்வொரு மாட்டையும் மருந்துத் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும் என்றது அரசு. தெற்கு மாநிலங்களில் சில ஊர்களில் அந்தத் தொட்டிகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். "என் மாடு, என் இஷ்டம்" என்பதுதான் அவர்கள் பேச்சு. வேலை முடிய 1943 ஆனது. இன்றைக்கும் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில், மெக்சிகோ எல்லையில், அரசு ஊழியர்கள் குதிரையில் போய் உண்ணிக் காவல் காக்கிறார்கள்.

நம்ம ஆட்கள் நடந்த பாதை

சரி, மாட்டுக் கதை நமக்கு எதற்கு? அதே காலத்தில் நம்ம முன்னோர்களும் ஒரு பாதையில் நடந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பாதையையும் நோய்தான் தீர்மானித்தது.

1830களிலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்குப் போனார்கள். மன்னார் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடை. பசி, மலேரியா, காலரா என்று வழியில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். காப்பி அறுவடை சில மாதங்கள்தான் என்பதால், பிழைத்தவர்கள் சம்பாதித்ததை முடிந்துகொண்டு அதே வழியில் ஊருக்குத் திரும்பினார்கள்.

1869ல் இலங்கைக் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் வந்தது. அதுவும் தொற்றுநோய்தான், செடிக்கு வரும் பூஞ்சைத் தொற்று. இருபது வருஷத்துக்குள் காப்பி அழிந்து, தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து கிள்ள ஆள் வேண்டும். வந்து போன கூலிகள் குடும்பத்தோடு லயத்து வீடுகளில் தங்கினார்கள். மலையகத் தமிழர் என்று ஒரு சமூகமே நிரந்தரமாக உருவாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சையும் காரணம். அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமை 1948ல் பறிக்கப்பட்டதும், 1964 ஒப்பந்தத்தில் லட்சக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டதும் அதன் பின்கதை.

காலராவும் பெரியம்மையும் கூலிகளோடு வருகின்றன என்ற பயத்தில் கெடுபிடி கூடிக்கொண்டே போனது. 1914ல் பாம்பன் பாலமும் தலைமன்னார் கப்பலும் வந்தபிறகு, ராமேஸ்வரத்துக்கு முன்னால் உள்ள மண்டபத்தில் இலங்கைக்காக ஒரு தனிமைப்படுத்தல் முகாம் நடந்தது. தோட்டத்துக்குப் போகிறவர்களைச் சில நாட்கள் அங்கே நிறுத்தி, குளிக்கவைத்து, துணிமணிகளைக் கிருமி நீக்கி, அம்மை குத்தி, காய்ச்சல் இல்லை என்று பார்த்த பிறகுதான் அனுப்பினார்கள். மலேயா போனவர்களுக்குப் பினாங்கு அருகே ஜெரஜாக் தீவு அப்படி ஒரு வாசல்.

திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் வந்து இறங்கியதும் மண்டபம் முகாமில்தான். 1983க்குப் பிறகு யுத்தத்துக்குத் தப்பிப் படகில் வந்தவர்களையும் அங்கேதான் தங்கவைத்தார்கள். நோய்க்காகக் கட்டிய வாசல், நோய் பயம் போன பிறகும் நம்மைத் தேக்கிவைக்கும் வாசலாகவே இருந்தது.

அமெரிக்காவும் விலக்கல்ல. பே ஏரியா நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை படகில் போய்ப் பார்க்கும் ஏஞ்சல் தீவில் 1910ல் குடியேற்ற நிலையம் திறந்தார்கள். அங்கே வந்த இந்தியர்களைத் தடுக்கப் பயன்பட்ட காரணங்களில் ஒன்று கொக்கிப்புழு. மருந்து கொடுத்தால் குணமாகிற வயிற்றுப்புழுவை 'ஆபத்தான தொற்றுநோய்' பட்டியலில் சேர்த்தார்கள். வாசலில் நிற்பவனுக்கு நோயைத் தடுப்பது நோக்கமா, ஆளைத் தடுப்பது நோக்கமா என்பது எப்போதுமே கலங்கலான கேள்விதான்.

தளபதிகள் ஜெயித்த போர்களா?

பள்ளிக்கூட வரலாற்றில் ராஜாக்களும் போர்களும்தான் வரும். 1521ல் ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவின் அஸ்டெக் தலைநகரைப் பிடித்தார்கள் என்று படிப்போம். அதற்கு முந்தைய வருஷமே பெரியம்மை உள்ளே புகுந்து, அவர்களை விரட்டியடித்த அரசர் குயிட்லாவாக்கையும் கணக்கற்ற மக்களையும் கொன்றுவிட்டதை ஒரு வரியில் கடந்துவிடுவோம். ஸ்பெயின் வீரர்களில் பலர் சின்ன வயதிலேயே அம்மை வந்து பிழைத்தவர்கள். நீளக்கொம்பு மாட்டின் கதைதான் அதுவும்: சுமந்து வந்தவனுக்கு ஒன்றுமில்லை, வாங்கியவன் செத்தான்.

இந்தியாவில் 1918 இன்ஃப்ளூயன்ஸாவில் ஒரு கோடிக்கும் மேல் இறந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தொடங்கிய பிறகு, இந்திய மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911 முதல் 1921 வரை. நம் கொள்ளுத்தாத்தா தலைமுறையில் "அந்தக் காய்ச்சலில் போயிட்டாங்க" என்ற ஒரு வரியாவது பல குடும்பங்களில் இருந்திருக்கும். நம்ம ஜனங்கள் அதைக் கல்வெட்டில் எழுதவில்லை, கோயிலாக எழுப்பினார்கள். கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது.

மாரியம்மன் என்றதும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாள் உள்ளே வர மாட்டார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீட்டார் விசேஷங்களுக்குப் போக மாட்டார்கள். பேர் வேறாக இருந்தாலும், நடந்தது தனிமைப்படுத்தல்தான். "எனக்கு ஒன்றும் இல்லை, நான் போவேன்" என்று யாரும் வாதம் செய்ததில்லை. என்னிடம் இருப்பது அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது என்ற புத்தி அந்த வேப்பிலையில் இருந்தது.

ஆனால் வேப்பிலையும் முகாமும் நோயை முடிக்கவில்லை, கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுத்தன. பெரியம்மையை முடித்தது ஊசி. கிராமம் கிராமமாக, தெருத்தெருவாக அம்மை குத்துகிறவர்கள் நடந்தார்கள். 1975ல் இந்தியாவின் கடைசி நோயாளி. 1980ல் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. உங்கள் அப்பா அம்மாவின் கையைப் பாருங்கள், வட்டமாக ஒரு வடு இருக்கும். நம்ம தலைமுறை கையில் அந்த வடு இல்லை, காசநோய்க்கான பிசிஜி தழும்பு மட்டும்தான். நம்ம பிள்ளைகள் கையில் அதுவும் இல்லை. மூன்று தலைமுறையின் மருத்துவ வரலாறு ஒரு தோள்பட்டையில் எழுதியிருக்கிறது.

முடிஞ்சதுன்னு நினைச்சா திரும்பி வரும்

இலங்கையில் 1934-35ல் வந்த மலேரியாவில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அப்போது கிராமம் கிராமமாக நிவாரணத்துக்குப் போன இளைஞர்கள்தான் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். ஒரு கொசு ஒரு கட்சியின் பிறப்புக்கும் துணையாக நின்றது! பிறகு டிடிடி மருந்து தெளித்து, 1963ல் நாடு முழுவதும் வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா என்ற நிலை வந்தது. "அவ்வளவுதான், முடிந்தது" என்று தெளிப்பதைக் குறைத்தார்கள். 1968-69ல் லட்சக்கணக்கானோர் மறுபடி படுத்தார்கள். மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் 2016ல்தான் கிடைத்தது.

இப்போது எங்கள் டெக்சாஸுக்கு வருவோம். தட்டம்மை ஒழிந்துவிட்டது என்று அமெரிக்கா 2000ல் அறிவித்தது. 2025 ஜனவரி கடைசியில் மேற்கு டெக்சாஸின் கெய்ன்ஸ் கவுண்டியில் அது திரும்பி வந்தது. ஆகஸ்டில் முடிந்தது என்று அறிவிக்கும்போது 762 பேருக்கு நோய், 99 பேர் மருத்துவமனையில், பள்ளிக்குப் போகும் வயதில் இரண்டு குழந்தைகள் சாவு. இருவருமே தடுப்பூசி போடாதவர்கள். டெக்சாஸில் 'மனசாட்சி காரணம்' என்று ஒரு படிவம் கொடுத்தால் போதும், ஊசி இல்லாமலே பள்ளியில் சேர்க்கலாம். தட்டம்மை பரவாமல் நிற்க 100ல் 95 பேர் ஊசி போட்டிருக்க வேண்டும். அந்தக் கவுண்டியில் கின்டர்கார்ட்டன் பிள்ளைகளில் அது சுமார் 82 தான்.

தட்டம்மை வந்தவர் ஓர் அறையை விட்டுப் போய் இரண்டு மணி நேரம் வரைக்கும் கிருமி அந்தக் காற்றில் இருக்கும். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நாலு நாள் முன்னாலேயே அவர் அடுத்தவருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். தெரியாமலே சுமக்கிற அந்த நாலு நாளில் அவர் அலுவலகம் போவார், கோயிலுக்குப் போவார், தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கும் போவார். அந்த அரங்கத்தில் ஊசி போடும் வயதே வராத கைக்குழந்தை இருக்கும், கீமோ எடுத்துக்கொள்ளும் ஒரு பாட்டி இருப்பார், இந்த ஊசியைப் போட முடியாத கர்ப்பிணி இருப்பார். அவர்களுக்கு வேலி நாம்தான்.

நம்ம வாட்ஸ்அப் குழுக்களிலும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. "நம்ம உடம்புக்கு மஞ்சளும் மிளகும் போதும்", "ஊசி போட்டால் ஆட்டிசம் வருமாம்" என்று படித்தவர்களே பார்வர்ட் செய்கிறார்கள். ஆட்டிசக் கதையைக் கிளப்பிய 1998ம் வருஷக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010ல் திரும்பப் பெற்றுவிட்டது. பார்வர்ட் மட்டும் திரும்பப் போகவில்லை. மஞ்சளும் மிளகும் ரசத்துக்கு நல்லது. தட்டம்மைக்கு அது பதில் இல்லை. எம்எம்ஆர் ஊசி இரண்டு முறை போட்டால் 97 சதவீதம் பாதுகாப்பு.

நம்ம கணக்கைப் பார்ப்போம்

என் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. நாம் பிறந்த காலத்தில் இந்திய அரசுத் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மைக்கு ஒன்பதாம் மாதம் ஒரே ஓர் ஊசிதான். இரண்டாவது தவணை 2010க்குப் பிறகுதான் வந்தது. எச்1பி விசாவுக்கு யாரும் ஊசிக் கணக்குக் கேட்பதில்லை. க்ரீன் கார்டு மருத்துவப் பரிசோதனையில்தான் முதன்முதலாகக் கேட்பார்கள். நம்ம வரிசையின் நீளம் தெரியும்தானே? பத்து, பதினைந்து வருஷம் அந்தக் கேள்வியே வராமல் இங்கே வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். பிள்ளைகளின் ஊசி அட்டையைப் பள்ளி கேட்கிறது என்பதால் பத்திரமாக வைத்திருப்போம். நம்முடையது ஊரில் எந்தப் பரணில் இருக்கிறதோ!

ஒரு போன் போதும். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அட்டை கிடைக்கவில்லை என்றால் மறுபடி போட்டுக்கொள்வதால் கெடுதல் இல்லை. கோடை விடுமுறைக்குக் கைக்குழந்தையோடு சென்னைக்கோ கொழும்புக்கோ போகிறீர்களா? வெளிநாடு போகும் ஆறு முதல் பதினொரு மாதக் குழந்தைக்கு முன்கூட்டியே ஓர் ஊசி போட இங்கே பரிந்துரை இருக்கிறது. டிக்கெட் புக் செய்யும் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடமும் நேரம் வாங்கிவிடுங்கள். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கும் எது தேவை என்று கேட்டு வையுங்கள்.

2020 மார்ச் கடைசியில் இந்தியா தன் வான்வழியை மூடியதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். வழக்கமான சர்வதேச விமானங்கள் மறுபடி பறக்க இரண்டு வருஷம் ஆனது. அப்பாவின் கொள்ளியை ஐபேடில் பார்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். வாசல் மூடினால் முதலில் வெளியே நிற்பது நம்மைப் போலப் பெட்டி தூக்கியவர்கள்தான். மண்டபத்தில் நின்றவர்களும், ஏஞ்சல் தீவில் நின்றவர்களும் நம்ம ஆட்கள். நோய் பரவினால் "இவர்கள் கொண்டு வந்தது" என்ற விரல் யார் பக்கம் நீளும் என்பதும் நமக்குத் தெரியும்.

அந்த விரலுக்கு நாம் கொடுக்கக்கூடிய மரியாதையான பதில், நம்ம வீட்டு ஊசிக் கணக்கைச் சரியாக வைத்திருப்பது. அடுத்த பொங்கல் விழா அறிவிப்பை அனுப்பும்போது, 'சாப்பாடு எத்தனை பேருக்கு' என்ற கேள்விக்குக் கீழே 'ஊசி போட்டாச்சா' என்று ஒரு வரி சேர்த்து, வரும் டாக்டர்களில் ஒருவரை அரை மணி நேரம் பேசச் சொன்னால் சங்கத்துக்குச் செலவு ஒன்றும் இல்லை. ரவுண்ட் ராக்கில் நாங்கள் அதைத்தான் கேட்கப் போகிறோம். நியூ ஜெர்சியிலும் பே ஏரியாவிலும் இருப்பவர்கள் உங்கள் சங்கத்தில் கேட்டுப் பாருங்களேன்.